வெடி விழும் இடத்தில் வீடே இல்லையாம்!

போன மாதம் என் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு வாணவேடிக்கை பார்த்தேன். கறுப்புத் திரையில் சிவப்பு, பச்சை, தங்க நிறப் பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன. ஒரு வெடிகூட நமுத்துப்போகவில்லை. புகை இல்லை. காற்று இல்லை. "ஐயோ, என் சட்டை!" என்று யாரும் கத்தவில்லை.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். பாசாரில் மீன்காரர் "ஃப்ரெஷ் லா அண்ணே" என்று சொன்னால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவன் நான். வீட்டில் எனக்கு 'சிஐடி' என்றுதான் பெயர். என்ன செய்வது... சில பேருக்கு இனிப்பு வியாதி, எனக்கு இது!

சரி, திருமண அழைப்பிதழ் அடித்துக்கொடுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் வாணவேடிக்கைக்கு என்ன வேலை என்கிறீர்களா? எல்லாம் என் மச்சானால் வந்தது.

மச்சான் என்றால் அந்தோணி. என் தங்கை பிலோமினாவின் கணவர்; அவருக்கு நானும் மச்சான்தான். கிள்ளானில் இருக்கிறார். கல்குவாரியில் பாறைக்கு வெடி வைத்தவர்; முறையாக லைசென்ஸ் வைத்திருப்பவர். குவாரி மூடியபிறகு மாதா கோயில் திருவிழா, ஹோட்டல் விருந்து என்று வாணவேடிக்கை விடுவதையே தொழிலாக்கிக்கொண்டார். நீளக் குச்சியில் தீயைக் கட்டிக்கொண்டு, குழாய் குழாயாகக் குனிந்து குனிந்து பற்றவைப்பார். இதுவரை இரண்டு முறை புருவம் கருகியிருக்கிறது. ஒவ்வொரு வேடிக்கை முடியும்வரை பிலோமினா ஒரு வாய் சோறு இறக்க மாட்டாள்.

அந்த மச்சான் ஒருநாள் கையில் ஒரு சிடியோடும், முகத்தில் ஒரு சிரிப்போடும் என் கடைக்குள் நுழைந்தார்.

"மச்சான், இனிமே நான் தீக்கிட்ட போக மாட்டேன். எல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும் லா."

எந்த வெடி, எந்த நொடியில், எந்தக் குழாயிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கொடுத்துவிட்டால், அது வானத்தில் எப்படித் தெரியும் என்று அந்த சாஃப்ட்வேர் திரையில் காட்டும். அதே வரிசையை ஒரு பெட்டியில் ஏற்றி, ஒயர் இழுத்து, தூரத்தில் நின்று பொத்தானை அமுக்கினால் போதும். ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு வீடமைப்பு நிறுவனம் புதிய தாமான், அதாவது குடியிருப்பு, திறக்கிறது. திறப்பு விழாவுக்கு டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வருகிறார். முதலில் கம்ப்யூட்டரில் காட்டுகிறவருக்குத்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். மச்சானிடம் கம்ப்யூட்டர் கிடையாது. என்னிடம் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் இருக்கின்றன. ஆக, நானும் வெடிக்காரன் ஆனேன்.

"சிடி எங்க வாங்குனீங்க?"

"சிங்கப்பூர்ல ஒருத்தர்கிட்ட. செகண்ட் ஹேண்ட்."

"நல்லா இருந்தா அவரு ஏன் விக்கிறாரு?"

மச்சான், கம்ப்யூட்டரில் பிரின்டர் மாட்டும் ஓட்டையில் செருகுவதற்கு ஒரு பிளாஸ்டிக் துண்டை மட்டும் எடுத்து நீட்டினார். அது இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் திறக்காதாம். பாருங்கள், தன்னை வாங்கியவனையே நம்பாத சாஃப்ட்வேர்! முதன்முறையாக அதன்மீது எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. ரெண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்களே, அதற்கு இது தாங்குமா என்று கேட்டேன். விழா அதற்கு முன்பே முடிந்துவிடும் என்றார் மச்சான்.

வேலையை ஆரம்பித்தோம். அதில் இருந்த வெடிகள் எல்லாம் வெள்ளைக்காரர் ஊர் வெடிகள். மச்சான் வாங்குவதோ சீனத்து வெடி. அதனால் ஒவ்வொன்றுக்கும் நாங்களே விவரம் கொடுக்க வேண்டும். எத்தனை இன்ச், எவ்வளவு உயரம், ஏறி வெடிக்க எத்தனை நொடி...

"நாலு இன்ச் வெடி ஏறுறதுக்கு எத்தன செகண்ட் மச்சான்?"

"செகண்டா? அருள் நிறை மந்திரத்துல கால்வாசி."

அவர் விளையாடவில்லை. குவாரியில் திரி பற்றவைத்துவிட்டு ஓடிய காலத்திலிருந்து மச்சானுக்கு நேரம் என்றால் ஜெபம்தான். மூன்று இன்ச்சுக்குக் கால்வாசியும் வராது. ஆறு இன்ச் என்றால் பாதிக்குக் கொஞ்சம் முன்னால். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடி ஜெபம் சொல்ல, வானத்தில் வெடி வெடிக்கும் இடத்தில் மேசையைத் தட்ட, நான் நொடியைக் குறித்தேன். அழைப்பிதழ் மாதிரி பார்க்க வந்த கல்யாண வீட்டார் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பிறகு சாஃப்ட்வேரில் இருந்த வெள்ளைக்கார வெடிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அநேகமாகச் சரியாக இருந்தது. எனக்குத்தான் ஏமாற்றம்.

அடுத்து இடத்தின் படம். நிறுவனம் கொடுத்த பிளான், வழவழப்பான தாளில் கண்ணைப் பறித்தது. ஏரி, விழா மேடை, வீடு வாங்க வருபவர்களுக்குக் காட்டும் ஷோ ஹவுஸ் என்று எல்லாவற்றுக்கும் வண்ணம். மேற்கே மேடை, நடுவே வெடி வைக்கும் திடல். கிழக்கே வெளிர்பச்சையில் ஒரு பெரிய பரப்பு. அதில் பொம்மை மரங்கள். மேலே 'இரண்டாம் கட்டம்' என்று எழுத்து. ஸ்கேன் செய்து உள்ளே போட்டேன்.

காற்று எவ்வளவு என்று சாஃப்ட்வேர் கேட்டது. கேட்டது என்றா சொன்னேன்? அதுவே 'பூஜ்யம்' என்று போட்டுக்கொண்டு சும்மா இருந்தது. மச்சான் தலையை ஆட்டினார்.

"அங்க கடல் காத்து அடிக்கும் மச்சான். இருட்டுன பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். மேற்கேருந்து கிழக்க போடுங்க."

போட்டேன். எரிந்த துண்டுகள் எங்கெங்கே விழும் என்பதற்கு அந்த சாஃப்ட்வேர் ஒரு வட்டம் போடும். வட்டத்துக்குள் ஆளோ வீடோ இருந்தால் சிவப்பு. ஒன்றும் இல்லையென்றால் பச்சை. காற்றைக் கொடுத்ததும் வட்டம் நகர்ந்து போய் இரண்டாம் கட்டத்தின் பொம்மை மரங்கள்மேல் உட்கார்ந்தது. பச்சை! பளிச்சென்று பச்சை.

"முடிஞ்சிச்சு லா," என்றார் மச்சான்.

எனக்கு முடியவில்லை. இவ்வளவு சுலபமாக ஒரு விஷயம் பச்சையாகிவிடுமா? மச்சான் திடலில் எடுத்துவந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்றில் மச்சான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தபடி நிற்கிறார். அவருக்குப் பின்னால், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். மரங்களுக்கு நடுவே நீலமாக ஏதோ ஒன்று. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கொடியில் காயும் சாரோங்.

"மரம் சாரோங் கட்டுமா மச்சான்?"

"எவனாச்சும் காண்டிராக்ட் ஆளு காயப் போட்டிருப்பான். அங்க யாரும் இல்லன்னு மேனேஜர் சொன்னாரு."

"அவரு சொன்னாரு. நீங்க போய்ப் பாத்தீங்களா?"

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேனோடு வந்து நின்றார். என்னைப் போலவே அவருக்கும் அந்த சாரோங் கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தியிருக்க வேண்டும்.

திடலைத் தாண்டி, செம்பனைக்குள் நுழைந்த மண்பாதையில் போனோம். கொஞ்ச தூரம்தான்... கோழி குறுக்கே ஓடியது. அடுத்து ஒரு சைக்கிள். அதற்கும் அடுத்து வரிசையாகப் பலகை வீடுகள், மேலே துருப்பிடித்த தகரக்கூரை. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் பழைய லயன்! வீடுகளுக்குப் பின்னால் விறகும் காய்ந்த செம்பனை மட்டையும் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. ஒரு நெருப்புத் துண்டு போதும். மச்சான் வேனை நிறுத்திவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். 

முதல் வீட்டிலிருந்து ஓர் அக்கா வந்தார். பெயர் லெட்சுமி. தோட்டத்தில் பழம் பொறுக்கி ஓய்ந்தவர். நாங்கள் யார் என்று கேட்டு முடிப்பதற்குள், வாணவேடிக்கை என்ற சொல் காதில் விழுந்து பிள்ளைகள் வேனைச் சுற்றிக்கொண்டன.

"நீங்கதான் வெடி வுடப் போறீங்களா தம்பி? நாங்க பாய் எடுத்துட்டு இந்த வாசல்லயே உக்காந்துருவோம். டத்தோவுக்குக் கூட இவ்ளோ கிட்டத்துல தெரியாது!"

மகிழ்ச்சியாகச் சொன்னார். நான் அந்த விறகு அடுக்கைத் திரும்பிப் பார்த்தேன்.

தோட்டம் கைமாறிவிட்டதாம். வீடு கொடுப்போம் என்று சொன்னார்களாம். எங்கே, எப்போது என்றுதான் சொல்லவில்லையாம். "எங்கள இங்க இல்லன்னு சொல்றாங்க தம்பி. இல்லாமயா கோழி வளக்குறோம்?" என்று கேட்டார். அவர் கொடுத்த காப்பியைக் குடித்தோம்.

கடைக்குத் திரும்பியதும் நான் அந்த வெளிர்பச்சைப் பரப்பில் லயன் வீடுகளை ஒவ்வொன்றாக வரைந்தேன். முதல் வீட்டை வைத்ததுமே வட்டம் சிவந்தது.

மச்சான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? இந்த வேலை கிடைத்தால் அடுத்து கோலாலம்பூர் ஹோட்டல்கள் எல்லாம் கதவைத் திறக்கும். தீப்பக்கம் போகாத வாழ்க்கை. பிலோமினா நிம்மதியாகச் சாப்பிடுவாள். எல்லாவற்றுக்கும் குறுக்கே நான் வரைந்த சின்னச் சின்னக் கட்டங்கள்.

"மச்சான், இதுல அழிக்கிற பட்டன் எது?" என்று மெல்லக் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொந்த மச்சான்! என் தங்கையைக் கட்டிக்கொண்ட மனிதர்! மனதுக்குள் என்னென்னவோ திட்டினேன். ஆனாலும் பட்டனைக் காட்டினேன். அவர் என் மேசையிலிருந்து ஒரு டேப்பைக் கிழித்து அந்தப் பட்டன்மேல் ஒட்டினார்.

"தெரியாம கை பட்டுரும் லா," என்றார்.

அந்த நிமிடம் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

நிறுவனத்து மேனேஜர் குமரேசன் மறுவாரம் கடைக்கு வந்தார். நம்மாள்தான். டை, இடுப்பில் ஹேண்ட்போன். மரியாதையான மனிதர். வானத்தில் பூத்த பூக்களைப் பார்த்தபோது "வாவ்" என்றார். கீழே சிவப்பு வட்டத்தைப் பார்த்தபோது வாவ் நின்றுவிட்டது.

"இந்த வீடெல்லாம் யாருண்ணே போட்டது? எங்க பிளான்ல வீடே இல்லையே."

"பிளான்ல இல்ல பாஸ். நெலத்துல இருக்கு," என்றார் மச்சான். "வெடிய ஏரிப் பக்கம் மாத்திருவோம். சின்ன வெடியா போடுவோம். சாம்பல் உங்க ஷோ ஹவுஸ் பக்கம் போகும். அங்க இருட்டுனப்புறம் ஆள் இல்ல, காங்கிரீட் கூரை."

"ஷோ ஹவுஸ் மேல சாம்பல் விழுந்தா எப்படிண்ணே? டத்தோ அங்கதான ரிப்பன் வெட்டுறாரு!"

பார்த்தீர்களா? ஆள் இல்லாத வீட்டின்மேல் சாம்பல் விழக்கூடாது. ஆள் இருக்கும் வீட்டின்மேல் விழலாம், படத்தில் மட்டும் இல்லாதிருந்தால் போதும்!

குமரேசன் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. விழா அன்று லயன் ஆட்கள் எல்லாரையும் பஸ் வைத்து மேடைக்கு அழைத்து வந்துவிடலாம், பிரியாணி போடலாம், முன்வரிசையில் நாற்காலி போடலாம் என்றார். நல்ல யோசனைதான். எவ்வளவு நல்ல யோசனை என்றால், எனக்கு உடனே பின்கழுத்து அரித்தது.

ஆனால் இந்த முறை என்னை முந்திக்கொண்டவர் லெட்சுமி அக்கா. நாங்கள் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் பிரியாணியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"பஸ்ஸு போறப்ப வரும் தம்பி. திரும்பி வர்றப்ப வீடு இருக்குமா? பக்கத்து டிவிஷன்ல இப்படித்தான்... திருவிழாவுக்குப் போயிட்டு வந்தாங்க. கதவு நெல கூட இல்ல. ஆளு யாரும் இல்லன்னு நெனச்சோம்னு சொல்லிட்டாங்க."

இதை மச்சான் கடைப் போனின் ஸ்பீக்கரில் குமரேசனிடம் சொன்னபோது அவருக்கு உண்மையாகவே வலித்தது. குரலிலேயே தெரிந்தது.

"நான் போய் அப்படிப் பண்ணுவேனாண்ணே?"

"நீங்க பண்ண மாட்டீங்க," என்றார் மச்சான். "உங்களுக்கு மேல உள்ளவங்க பண்ணுனா, உங்ககிட்டச் சொல்லிட்டா பண்ணுவாங்க?"

 வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் குமரேசன் சொன்னார். தாராளமாகப் பாருங்கள் என்றார் மச்சான். யார் வெடி விட்டாலும் பெர்மிட் வேண்டும், பெர்மிட்டுக்குப் படம் வேண்டும், பொம்பா எனும் தீயணைப்புத் துறையின் அதிகாரி இடத்தை வந்து பார்ப்பார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அன்று சாயங்காலமே பிலோமினா கிள்ளானிலிருந்து போன் செய்தாள். "நல்லா இருந்த வேலையக் கெடுத்துட்டீங்களேண்ணே" என்றாள். எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் வேறு ஆள் கிடைக்கவில்லையோ, மனசாட்சி கிடைத்ததோ, இரண்டு நாளில் குமரேசனே கூப்பிட்டார். சின்ன வெடி, ஏரிப் பக்கம், சரி என்றார். எனக்கென்னவோ முதல் காரணமாகத்தான் இருக்கும் என்று படுகிறது.

புதிதாகப் படம் போட்டோம். வீடுகளை எடுக்கவில்லை. வட்டம் அவற்றை விட்டு நன்றாகத் தள்ளி வந்துவிட்டது. பொம்பா அதிகாரி மலாய்க்காரர், பொறுமைசாலி. படத்தின் கிழக்கு மூலையில் விரலை வைத்து, "இனி ருமா சியாப்பா?" என்று கேட்டார். இது யார் வீடு என்று அர்த்தம். மச்சான் சொன்னார். அதிகாரி நம்பவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்தார். (என் இனம்!) திரும்பி வந்து வீடுகள்மேல் சிவப்பு மையில் எதையோ எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார்.

விழா நல்லபடியாக நடந்தது. லயன் ஆட்கள் அவரவர் வாசலில் பாய் விரித்துப் பார்த்தார்கள். சாம்பல் ஷோ ஹவுஸ் கார் நிறுத்துமிடத்தில் மெலிதாகப் படிந்தது; டத்தோ கவனிக்கவில்லை. மச்சான் தூரத்தில் நின்று பொத்தானை அமுக்கினார். நடுவில் ஒரு வெடி குழாயைவிட்டுக் கிளம்பவே இல்லை. "கம்ப்யூட்டர்ல வெடிச்சிச்சே!" என்று அவர் அங்கலாய்த்தார். எனக்கு அதுதான் அந்த விழாவிலேயே நம்பும்படியான சங்கதி.

பத்தியை இதோடு முடித்திருப்பேன். ஆனால் போன வியாழக்கிழமை லெட்சுமி அக்கா பஸ் மாறி மாறி என் கடைக்கு வந்துவிட்டார். கூட அதே லயனைச் சேர்ந்த இன்னும் இரண்டு பேர். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன்.

"அந்த வெடிப் படம் இருக்கா தம்பி? ஆபீசரு கையெழுத்துப் போட்டது. ஆளுக்கு ஒரு காப்பி வேணும்."

எதற்கு என்று கேட்டேன். அந்த நிலத்தில் யாருமே குடியிருக்கவில்லை என்று நிறுவனம் எழுதிக் கொடுத்திருக்கிறதாம். நில அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். இவர்களிடம் காட்ட ஒன்றும் இல்லை.

கலரிலேயே காப்பி எடுத்தேன். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். அக்கா தன் வீட்டுக் கட்டத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த சிவப்பு எழுத்தைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மலாயில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னேன்.

"'இங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.'"

"தீய வுடு தம்பி," என்றார் அக்கா. "மொத வரிய இன்னொரு தடவ படி."